வேண்டுமென்றே செய்த ஆறு தவறுகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெல்டிங் சொல்லிக்கொடுப்பவருக்கு, வெல்டிங்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். வெல்டிங் எனக்குத் தெரியாது. பிட்டர், எலெக்ட்ரீஷியன், பிளம்பர், டீசல் மெக்கானிக் என்று பட்டியலில் எந்தத் தொழிலைச் சொன்னாலும் என் பதில் அதேதான்.

இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. அரூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்.

"தம்பி என்ன பண்றீங்க?"

"ஐ.டி.ஐ. வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுக்கறேங்க."

"அப்ப மோட்டார் காயில் கட்டத் தெரியுமுங்களா? நம்ம கெணத்து மோட்டார் பொகைஞ்சு போய்க் கெடக்குது."

"அது தெரியாதுங்க. காயில் கட்டச் சொல்லிக்குடுக்கறவங்களுக்கு, எப்படிச் சொல்லிக்குடுக்கறதுன்னு..."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரசம் கேட்கத் திரும்பினவர் கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை. (அந்தப் பார்வை நியாயமானதுதான் என்று எனக்குப் புரிய மேலும் இரண்டு வருடம் ஆயிற்று.)

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. கல்வியியலில் எம்.எட்., அதற்குமேல் முனைவர் பட்டம். தொழிற்பயிற்சி ஆசிரியர்களின் செய்முறை விளக்கத் திறனை மேம்படுத்துவது எப்படி என்று தலையணை தடிமனுக்கு ஆய்வேடு எழுதியிருந்தேன். அந்த ஆய்வேட்டில் ஸ்பானர் என்ற சொல் எத்தனையோ இடங்களில் வரும். எழுதிய கை ஒரு தடவையும் ஸ்பானரைத் தொட்டதில்லை.

அந்தக் கையில் இருந்ததெல்லாம் சிவப்புப் பேனாதான்.

தருமபுரிக்கு வெளியே, சேலம் போகும் சாலையில் இருந்தது எங்கள் பயிற்சி மையம். சுற்றுவட்டாரத்து ஐ.டி.ஐ.களில் வேலை செய்யும் பயிற்றுநர்கள் எங்களிடம் வந்து ஒரு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கவேண்டும். வருகிறவர்கள் எல்லாம் தொழிலில் ஊறினவர்கள். ஒருவர் முழங்கையில் வெல்டிங் தழும்பு இருக்கும், இன்னொருவர் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். அவர்களுக்கு நான், "நோக்கங்களை அளவிடக்கூடிய வினைச்சொற்களால் எழுதுக" என்று பாடம் எடுப்பேன். அவர்கள் எழுதிக்கொண்டு வரும் பாடக்குறிப்பில் அப்படி ஒரு வினைச்சொல் இல்லையென்றால் சிவப்பில் சுழித்துத் திருப்பிக் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு ஆனந்தம் இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அதிகம் சிவப்பு வாங்கியது தமிழரசி. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். ஓசூரில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்து, பிறகு ஊரோடு வந்து ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பயிற்றுநராகச் சேர்ந்தவர். அந்த வருட வகுப்பில் ஒரே பெண். குழாய் மாற்றுவதைப் பற்றி அவர் எழுதிய பாடக்குறிப்பை மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தேன்.

"மாணவர் குழாயைச் சரியாக மாற்றுவார்னு எழுதியிருக்கீங்க. சரியாகன்னா என்ன? அதை எப்படி அளப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஒழுவாம இருந்தா சரிங்க சார்."

"அது விளைவும்மா. நான் கேட்கறது நோக்கம்."

"கொழாயோட நோக்கமே ஒழுவாம இருக்கறதுதானுங்க சார்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காவது தடவையும் இப்படியே வந்தால் தேர்வுக்கு அனுப்பக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தமிழரசி பாடக்குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் அவருக்கு அந்த வேலை நிலைக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

நான் பெருமையோடு கற்றுக்கொடுத்த உத்தி ஒன்று இருந்தது. செய்முறை விளக்கம் செய்யும் ஆசிரியர் முதலில் அந்த வேலையை வேண்டுமென்றே தவறாகச் செய்துகாட்டவேண்டும். வாயே திறக்கக்கூடாது. எங்கே தப்பு என்று மாணவர்களே எழுந்து சொல்லவேண்டும். எல்லாத் தப்பும் வெளியே வந்தபிறகு மாணவர்களில் ஒருவர் வந்து சரியாகச் செய்யவேண்டும். இதற்கு நான் வைத்த பெயர் 'பிழை கண்டுபிடி'. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் முன்னால் வந்து தப்பாக வயர் மாட்டுவார், தப்பாக அரம் பிடிப்பார். மற்றவர்கள் பதினாறு வயதுப் பையன்களைப்போல உட்கார்ந்து கையைத் தூக்குவார்கள். நாற்பது வயது வெல்டிங் பயிற்றுநர் மாதேஷ், "சார் சார் நானு சார்" என்று பெஞ்சிலிருந்து எம்புவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆய்வுக்குழு வருகிறது என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் எனக்கு எப்பேர்ப்பட்ட கடிதம் என்று தெரியவேண்டுமானால் எங்கள் வீட்டு இரும்பு பீரோவைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கும் செல்விக்கும் கல்யாணமானபோது வாங்கியது. நான் ஒப்பந்த வேலையாக நாமக்கல், வேலூர், விழுப்புரம், திருநெல்வேலி என்று போன இடத்துக்கெல்லாம் அது கூடவே வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நசுங்கல். திருநெல்வேலியில் ஒரு கால் வளைந்துவிட்டதால் அடியில் மரத்துண்டு வைத்துத்தான் நிற்கும். தருமபுரிக்கு வந்த அன்று செல்வி அதன்மேல் கை வைத்துச் சொன்னாள்.

"ஏங்க, இனிமே இத நான் நவுத்த மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

"இந்த வேலை நிரந்தரமாயிடும் செல்வி. இரண்டு வருடம்தான் தகுதிகாண் பருவம்."

அதை நம்பித்தான் அவள், தபால் அலுவலகத்தில் தனக்கு வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று சொன்னாள். போனால் கோயம்புத்தூர் போகவேண்டும். மகள் யாழினியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். ஆனாலும் வீடு மாற்றும் அட்டைப்பெட்டிகளை அவள் தூக்கிப்போடவில்லை. மடித்துக் கட்டிப் பரண்மேல் வைத்திருந்தாள்.

ஆய்வுக்குழு நல்ல அறிக்கை கொடுத்தால் மையத்துக்கு அனுமதி நீளும், எனக்கும் வேலை உறுதியாகும். கொடுக்காவிட்டால் பெட்டிகள் பரணிலிருந்து இறங்கும்.

அதற்காக அனுப்பிய சுயமதிப்பீட்டுப் படிவத்தில் என் திறமைகளைப் பற்றி எழுத அரைப்பக்கம் இடம் விட்டிருந்தார்கள். அரைப்பக்கம் கொடுத்தால் நான் சும்மா இருப்பேனா? "சரியான பாடக்குறிப்பு மட்டும் இருந்தால் எந்தத் தொழிலையும் என்னால் கற்பிக்க முடியும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு அம்மையார். பருத்திப் புடவை, மெல்லிய குரல். ஒரு வாக்கியம் பேசிவிட்டு நாம் பதறுவதற்கு அவகாசம் கொடுத்து நிறுத்துவார். இரண்டாமவர் கோப்புக்காரர். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். மூன்றாமவர் வந்ததிலிருந்து சாப்பாடு எங்கேயிருந்து வருகிறது என்று எங்கள் பிரின்சிபாலிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. டீ குடித்துவிட்டுத் தலைவர் அம்மா ஒர்க்‌ஷாப் வராந்தாவில் இருந்த குழாயில் கை கழுவினார். மூடினார். குழாய் சொட்டியது. இறுக்கி மூடினார். அப்போதும் சொட்டியது. (அது நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொட்டுகிற குழாய். பிளம்பர் பயிற்சியும் நடக்கிற கட்டடம் என்று வாசலில் பலகை வேறு.)

கையைத் துடைத்துக்கொண்டே அவர் என் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"எந்தத் தொழிலையும் கற்பிக்க முடியும்னு எழுதியிருக்கீங்க. அடிக்கோடு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க மேடம்."

"உங்க மாணவர்கள் எடுக்கற வகுப்பை அப்புறம் பார்க்கறோம். நீங்க எடுங்க. பத்து நிமிஷம் தயார் பண்ணிக்கோங்க. இந்தக் குழாயை மாத்தறது எப்படின்னு இவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க."

பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வையில் 'உங்களுக்குத் தெரியுமில்ல?' என்ற கேள்வி இருந்தது. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் பாடக்குறிப்பு எழுதினேன். அற்புதமான பாடக்குறிப்பு. ஒவ்வொரு நோக்கமும் அளவிடக்கூடிய வினைச்சொல்லில் முடிந்தது. அதைச் சார்ட்டில் மூன்று வண்ண ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மீதி ஒரு நிமிடத்தில் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் போய்ச் செல்விக்குப் போன் போட்டேன்.

"செல்வி, குழாயை எப்படிக் கழட்டறது?"

"மூணு மாசமா நான் உங்கள கேட்டுக்கிட்டு இருக்கற கேள்விங்க அது."

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயும் துணி கட்டிக்கொண்டுதான் நின்றது.

"விளையாடாதம்மா, அவசரம்."

"எடப்பக்கமாத் திருப்புனா கழலும். எனக்கு அவ்வளவுதாங்க தெரியும். யாரு வூட்டுல ஒழுவுது?"

"கமிட்டிக்கு ஒழுவுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வராந்தாவில் எல்லோரும் அரைவட்டமாக நின்றார்கள். எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்தவேண்டும் என்பது விதி. விருந்தினர்களை முன்வரிசையில் நிறுத்தவேண்டும் என்பது மரியாதை. இரண்டையும் தவறாமல் செய்தேன். குழுவினர் மூவரும் குழாய்க்கு நேர் எதிரே, கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார்கள். ஆய்வு நாள் என்று நான் கழுத்தில் டை கட்டியிருந்தேன். கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக்கொடுத்த மெரூன் டை.

பாடம் ஆர்வமூட்டலோடு தொடங்கவேண்டும். தொடங்கினேன்.

"குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள்."

"அதுக்கு எதுக்குங்க சார் கற்பனை?" என்றார் மாதேஷ். "எங்க ஊர்ல வாரத்துக்கு நாலு நாள் அப்படித்தானுங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் கருவிப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்ததில் பெரியதாக இருந்ததை எடுத்தேன். பெரிய வேலைக்குப் பெரிய கருவி என்று என் கணக்கு. அது பைப் ரெஞ்ச் என்று பிறகு தெரிந்தது. வாயெல்லாம் பல். பளபளவென்று இருந்த குழாயின் கழுத்தில் அதை அப்படியே வைத்து அழுத்தினேன். கறக் என்று ஒரு சத்தம். குழாயின் பளபளப்பில் நான்கு கோடு விழுந்தது. கூட்டத்தில் யாரோ "ஸ்ஸ்" என்றார்கள்.

இடப்பக்கமாகத் திருப்பினேன். ரெஞ்ச் வழுக்கியது. மறுபடி வைத்தேன். மறுபடி வழுக்கியது. அந்த ரெஞ்சுக்கு எந்தப் பக்கம் பார்த்துப் பிடிக்கவேண்டும் என்று ஒரு முறை இருக்கிறதாம். எனக்கு எப்படித் தெரியும்? என் ஆய்வேட்டில் அது இல்லை. மூன்றாவது தடவை கருவியைத் தலைகீழாகத் திருப்பி, குனிந்து கிட்டப்போய், அதன் திருகை இறுக்கு இறுக்கென்று இறுக்கினேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வெற்றி என்று நிமிரப் பார்த்தேன். முடியவில்லை.

ரெஞ்ச் குழாயைப் பிடித்திருந்தது. கூடவே என் டையையும் பிடித்திருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். 'நண்பர்களே, எனக்கு இது தெரியாது' என்று சொல்லியிருப்பான். ஆனால் அடிக்கோடு போட்டவன் நான். குனிந்த நிலையிலேயே, கன்னம் குழாயை உரச, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருப்பு திருப்பினேன். அசைந்தது. இன்னொரு திருப்பு. சுலபமாக வந்தது. அட, இவ்வளவுதானா என்று மகிழ்ச்சியோடு மேலும் நான்கு சுற்றுச் சுற்றினேன்.

குழாய் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் மொட்டைமாடித் தொட்டி முழுவதும் வந்தது.

முதல் வீச்சு என் முகத்தில். நான் விலகினேன், அது தலைவர் அம்மாவின் புடவையில். கோப்புக்காரர் கோப்பைக் காப்பாற்ற முதுகைக் காட்டினார், முதுகு முழுக்க நனைந்தது. சுவரில் என் பாடக்குறிப்பு மூன்று வண்ணமும் ஒன்றாகக் கலந்து ஒழுகியது. அளவிடக்கூடிய வினைச்சொற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. சாப்பாட்டுக்காரர் மட்டும் எப்படியோ தூணுக்குப் பின்னால் போய்விட்டார். (அவருக்கு அனுபவம் இருந்திருக்கவேண்டும்.) நான் உள்ளங்கையை வைத்து ஓட்டையை அடைத்தேன். தண்ணீர் விரல்களுக்கு நடுவே ஐந்தாகப் பிரிந்து இன்னும் தூரம் போயிற்று. என் கழுத்திலிருந்து டையும், டையில் ரெஞ்சும், ரெஞ்சில் குழாயும் மாட்டுமணி மாதிரி தொங்கி ஆடின.

தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது பீரோதான். அது லாரியில் ஏறுவதும், செல்வி பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்குவதும் தெரிந்தது. யாழினிக்கு அடுத்த பள்ளிக்கூடம் எந்த ஊரில் என்று யோசித்தேன். அழுகை வந்தது. முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்போது ஒரு கை உயர்ந்தது.

"சார், நான் சொல்லட்டுங்களா?"

தமிழரசி. எனக்கு எதுவும் புரியவில்லை. தலையை ஆட்டினேன்.

"மொதல் தப்புங்க சார். கேட்வால்வ மூடாமயே கொழாயக் கழட்டுனீங்க." அதே மூச்சில் திரும்பி, "மாதேஷண்ணா, மாடிப்படிக்கு அடியில இருக்குது பாருங்க, ஓடிப்போய் மூடிட்டு வாங்க" என்றார்.

மாதேஷ் ஓடினார். தண்ணீர் இளைத்து, சொட்டாகி, நின்றது. அந்த அமைதியில் வகுப்புக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர்களுக்கு விளங்கியதாக அவர்கள் நினைத்துக்கொண்டது எனக்கும் விளங்கியது. சார் பிழை கண்டுபிடி எடுக்கிறார்! மளமளவென்று கைகள் எழுந்தன.

"சார், பல்லு வெச்ச ரெஞ்ச அப்படியே போட்டுட்டீங்க. துணி சுத்தியிருக்கணும்!"

"ரெஞ்ச திருப்பிப் புடிச்சீங்க சார்!"

"கீழ பக்கெட் வெக்கலைங்க சார்!"

"மிஷின்கிட்டயும் டூல்ஸ்கிட்டயும் தொங்கற துணி போடக்கூடாதுங்க. டை!" என்று கத்தினார் திரும்பி வந்த மாதேஷ். அவருக்கு அதைச் சொன்னதில் ரொம்ப சந்தோஷம்.

நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். (மூழ்குகிறவனுக்குக் கயிற்றின் தரம் முக்கியமில்லை.) ஈரச் சட்டையை இழுத்துவிட்டு, கழுத்தில் குழாயோடு, கம்பீரமான குரலில், "நன்று! வேறு?" என்றேன். குரல் பிசிறியது.

"ஐந்து ஆயிற்று. இன்னும் ஒன்று பாக்கி" என்று வேறு சொல்லிவைத்தேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆசிரியர்களுக்கு இப்படி வாய் தானாகப் போகும். இப்போது ஆறாவதாக ஒரு தப்பு செய்தே ஆகவேண்டும். இதுவரை யோசிக்காமல் வந்தது, யோசித்ததும் வர மறுத்தது. தப்பு எதுவும் தோன்றாததால், வேறு வழியில்லாமல் சரியாகச் செய்ய முடிவெடுத்தேன். டையிலிருந்து குழாயை விடுவித்து, வெள்ளை டேப்பை எடுத்து மரையில் என்னால் முடிந்த அளவு பக்குவமாகச் சுற்றினேன்.

"டேப்ப எதிர்ப்பக்கமாச் சுத்தறீங்க சார்" என்றார் தமிழரசி. "மாட்டறப்பவே பிரிஞ்சு வந்துடும். ஆறாவது."

கைதட்டல். நான் குனிந்து வணங்கினேன்.

"இப்போது சரியான முறை. தமிழரசி, வாங்க" என்றேன். அந்த உத்தரவில் இருந்த கெஞ்சல் அவருக்குக் கேட்டிருக்கும்.

தமிழரசி வந்தார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டார். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் ஏன் என்று சொன்னார், செய்தார், பிறகு ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். மரையைத் துணியால் துடைத்தார். டேப்பை எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்பதைக் கோப்புக்காரரின் கையில் கொடுத்தே சுற்றவைத்தார். ஈர முதுகோடு அவர் குழந்தைமாதிரி கவனமாகச் சுற்றினார். ஸ்டோர் ரூமிலிருந்து வந்த புதுக் குழாய் ஏறியது. கடைசி இறுக்கம் எங்கே நிற்கவேண்டும் என்று மணிக்கட்டைக் காட்டிச் சொன்னார். மாதேஷ் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

தலைவர் அம்மா முன்னால் வந்தார். புடவைத் தலைப்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு மாணவர் இதை ஒழுங்காகக் கத்துக்கிட்டாரான்னு எப்படி அளப்பீங்க?"

அது என் கேள்வி. நான் மூன்று தடவை கேட்ட கேள்வி.

"கொழாய்க்குக் கீழ ஒரு காய்ஞ்ச பேப்பர் வெப்பமுங்க மேடம். அஞ்சு நிமிஷம். பேப்பர் காய்ஞ்சே இருந்தா பாஸ்."

"பேப்பர் இருக்கா?"

வராந்தாவில் நனையாத பேப்பர் என்று எதுவும் இல்லை. தமிழரசி தன் பையைத் திறந்து மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து, விரித்து, குழாய்க்கு நேர் கீழே வைத்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது. அவருடைய பாடக்குறிப்பு. அதன் குறுக்கே என் கையெழுத்தில், சிவப்பு மையில், 'அளவிடக்கூடியதாக இல்லை' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது.

ஐந்து நிமிடம் எல்லோரும் அந்தத் தாளையே பார்த்தோம். நான் மட்டும் அந்தச் சிவப்பைப் பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்து அது கரைந்து போய்விட்டால் தேவலை என்றிருந்தது. விழவில்லை. ஒரு எழுத்தும் கரையவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

தலைவர் அம்மா தாளை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். சிவப்பையும் படித்தார். மடித்துத் தமிழரசியிடம் கொடுத்தார்.

மதியம் சாப்பாடு நன்றாக இருந்ததாக மூன்றாமவர் சொன்னார். மூன்று மணிக்குக் குழு கிளம்பியது. காரில் ஏறும் முன் தலைவர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அறிக்கையில ஆறு தவறுகளும் மிக இயல்பாக இருந்தனன்னு எழுதியிருக்கேன்."

"நன்றிங்க மேடம்."

"ஏழாவது ஒண்ணு இருந்தது. அதை யாரும் கண்டுபிடிக்கல."

"என்னங்க மேடம்?"

"படிவத்துல அந்த அடிக்கோடு" என்றார். கார்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாக அவர் சிரித்தது தெரிந்தது. கார் சேலம் சாலையில் திரும்பும்வரை நான் கைகூப்பியபடியே நின்றேன். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நிம்மதி.

தமிழரசியைத் தேடிப் போனேன். கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மூன்று சிவப்பையும் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டேன்.

"ரொம்ப நன்றிம்மா."

"எதுக்குங்க சார்? தப்பாச் செஞ்சு காட்டணும்னு நீங்கதானுங்க சொல்லிக்குடுத்தீங்க."

"உண்மையைச் சொல்லுங்க. வேணும்னேதான் செய்யறேன்னு நினைச்சீங்களா?"

தமிழரசி ரெஞ்சைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"மொதல் ரெண்டு தப்பு வரைக்கும் நெனச்சேங்க சார். ரெஞ்சு டையக் கடிச்சப்பத் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்...?"

"வகுப்புல நின்னுட்டு ஒண்ணும் வராம முழிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க சார்" என்றார். அவர் யாருடைய வகுப்பைச் சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமைகளில் எனக்குக் குழாய் மாற்றக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். "பாடக்குறிப்பு எழுதணுமுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்குப் போய்ச் செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன். டை கதை வந்தபோது அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப பீரோவ நவுத்த வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

அவள் எழுந்து, நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்த அட்டைப்பெட்டிக் கட்டை ஒரே இழுப்பில் கீழே தள்ளினாள். அதன் தூசியில் மூன்று பேரும் அரைமணி நேரம் தும்மினோம். உறுதி ஆணை வர இரண்டு மாதம் ஆனது. பெட்டிகள் அன்றைக்கே பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டன.

தமிழரசி தேர்ச்சி பெற்று, இப்போது எங்கள் மையத்திலேயே செய்முறைப் பயிற்றுநர். ஒவ்வொரு வருடமும் புதிய வகுப்புக்கு அந்தப் பாடத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து எடுக்கிறோம். நான் நனைவேன், தமிழரசி மாற்றுவார். ஆறு தவறுகளையும் வரிசை மாறாமல் இப்போது உண்மையாகவே வேண்டுமென்றே செய்கிறேன். முன்போல இயல்பாக வரவில்லை என்று, பார்க்க வரும்போதெல்லாம் மாதேஷ் குறைப்பட்டுக்கொள்கிறார்.

வீட்டில் நிலைமை மோசம். சாம்பாரில் உப்பு இல்லையென்று சொன்னால் செல்வி நிதானமாக, "வேணும்னேதாங்க. கண்டுபிடிக்கறீங்களான்னு பாத்தேன்" என்பாள். யாழினி இப்போது ஆறாம் வகுப்பு. கணக்குத் தேர்வுத்தாளை நீட்டும்போதே, "அப்பா, ஆறு தப்புதான், அத்தனையும் ரொம்ப இயல்பா இருக்குது" என்கிறாள். மாமனார் அந்த மெரூன் டையை வாங்கிப் பார்த்து, பல் பதிந்த இடத்தைத் தடவி, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார். கதையில் ஒவ்வொரு தடவையும் தொட்டி பெரிதாகிறது.

போன வாரம் இந்த வருடத்துச் சுயமதிப்பீட்டுப் படிவம் வந்தது. அதே அரைப்பக்கம். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், 'அரை அங்குலக் குழாயை ஒழுகாமல் மாற்றுவேன்' என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அடிக்கோடு போடவில்லை.

தோளுக்குமேல் எட்டிப் படித்த யாழினி, "அம்மா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டாள். செல்வி வந்து படித்தாள். படிவத்தை என் கையிலிருந்து உருவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் மாற்றிய குழாய்க்கு நேர் கீழே அதை விரித்து வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று பேரும் ஐந்து நிமிடம் நின்றோம். படிவம் நனையவில்லை. அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.